புதுப்பேட்டை மாடியில் ஒரு மியூரா: கார் ஓவியச் சேவை குறித்த மதிப்புரை

சென்னையில் காரின் உருவத்தைக் கித்தானில் பதித்துத் தருகிற கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ‘கையால் வரைந்தது’ என்று சொல்லி இணையத்தில் விற்கப்படுபவற்றில், புகைப்படத்தைக் கித்தான் துணியில் அச்சிட்டு, அதன்மேல் நிறமற்ற பசையைத் தூரிகையால் இழுத்து மேடுபள்ளம் உண்டாக்கியவையும் கலந்திருக்கின்றன. அவற்றைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தூரிகைத் தடம் ஒரு திசையிலும் வண்ணத்தின் எல்லை வேறொரு திசையிலும் ஓடுவது தெரிந்துவிடும். உருப்பெருக்கியை வைத்தால் அச்சுப் புள்ளிகளே தெரியும். அப்படியொன்றை வாங்குவதைவிட நல்ல புகைப்படம் ஒன்றை முறையாக அச்சிட்டு மாட்டிக்கொள்வது நேர்மையானது என்பது என் கருத்து. லம்போர்கினி மியூரா என்ற இத்தாலிய காருக்கு மரியாதை செலுத்தும் விதமாக வீட்டுக் கூடத்தில் ஓர் ஓவியம் வேண்டும் என்று முடிவு செய்தபோது, அச்சு இயந்திரமே இல்லாத இடம்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். விசாரித்ததில் கிடைத்தது புதுப்பேட்டையில், உதிரிபாகக் கடைகளுக்கு மேலே உள்ள ஒரு மாடி அறை.

பழைய வண்டிகளின் கதவுகளும் மட்கார்டுகளும் பம்பர்களும் கூரை வரை அடுக்கப்பட்ட அந்தத் தெருவில் ஓவியக்கூடம் இருப்பதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பெயர்ப்பலகை கிடையாது. பெயரை வெளியே எழுத வேண்டாம் என்று ஓவியரும் கேட்டுக்கொண்டார். கைக்கு வருகிற வேலையே போதும் என்பது அவர் கணக்கு. தெருவில் எல்லோரும் அவரை ‘மாஸ்டர்’ என்று அழைப்பதால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். மவுண்ட் ரோடு திரையரங்குகளுக்குப் பேனர் வரைந்த பட்டறைகளில் தொழில் பழகியவர் அவர். 2000-களில் ஃபிளெக்ஸ் அச்சு பரவி அந்தத் தொழிலை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிய பிறகு, வீட்டுப் பெரியவர்களின் உருவப்படம், கோயில் திரைச்சீலை என்று மாறி, இப்போது கார், பைக் ஓவியங்களில் வந்து நிற்கிறார். சின்னப் புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பல மடங்கு பெருக்கிப் பலகையில் இறக்கும் பேனர் முறையைத்தான் இன்றும் கையாள்கிறார். ப்ரொஜெக்டர் வைத்துக் கோடு இழுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

அவரிடம் நான் கொண்டுசென்ற வண்டி எளிய வண்டி அல்ல. டிராக்டர் தயாரித்துப் பொருள் சேர்த்த ஃபெருச்சியோ லம்போர்கினி 1963-இல் தொடங்கிய நிறுவனம், 1965-இல் டூரின் கண்காட்சியில் உடற்கூடு இல்லாத வெறும் அடிச்சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. எடையைக் குறைப்பதற்காகத் துளைகள் போட்ட எஃகுத் தகட்டுச் சட்டம் அது. ஓட்டுநருக்குப் பின்னால், பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட 3,929 சிசி என்ஜின் குறுக்குவாட்டில் படுத்திருந்தது. ஜான் பாவ்லோ டல்லாரா, பாவ்லோ ஸ்டான்சானி, சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ் ஆகிய இளைஞர்களின் கைவரிசை அது. அந்தச் சட்டத்துக்கு, கார் உடல்களை வடிவமைக்கும் பெர்டோனே நிறுவனத்தில் மார்ச்செல்லோ கந்தீனி உடல் வரைந்தார். 1966 மார்ச் மாதம் ஜெனீவாவில் ஆரஞ்சு நிறத்தில் அது நின்றபோது அவருக்கு இருபத்தேழு வயது. 350 குதிரைத்திறன் கொண்ட முதல் பி400, 1968-இல் 370 ஆக உயர்ந்த எஸ், 1971-இல் 385-ஐத் தொட்ட எஸ்வி என்று மூன்று படிகளில் அந்த வண்டி வளர்ந்தது. மொத்தம் வெளிவந்தவை எண்ணூறைக்கூடத் தொடவில்லை. 2024 மார்ச் மாதம் கந்தீனி காலமான செய்தி வந்த பிறகே, பல காலம் தள்ளிப்போட்டுவந்த இந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ளத் துணிந்தேன்.

சேவையின் முதல் கட்டம் பென்சில் கோட்டோவியம். வாடிக்கையாளர் தரும் படங்களை வைத்து மாஸ்டர் பெரிய தாளில் வரைந்து காட்டுவார். ஒப்புதல் கொடுத்த பிறகே கித்தானுக்குப் போவார். இந்த ஏற்பாட்டைத்தான் நான் முதலில் பாராட்டுவேன், ஏனென்றால் திருத்தம் செய்யவேண்டிய நேரம் அதுதான். என்னிடம் பல ஆண்டுகளில் சேர்த்த படங்கள் இருந்தன. எந்தப் புகைப்படக்காரரின் ஒற்றைப் படத்தையும் அப்படியே நகலெடுக்கக் கூடாது என்பதற்காகப் பலவற்றைக் கலந்தே கொடுத்திருந்தேன். மாஸ்டரின் முதல் கோட்டோவியத்தில் முகம் பி400-ஆகவும் பின்புறம் எஸ்வி-யாகவும் அமைந்துவிட்டது. விளக்குகளின் மேலும் கீழும் உள்ள கறுப்புக் கம்பித் தட்டிகள், இமைமயிர் போல் நிற்பவை, பி400-இலும் எஸ்-இலும் உண்டு. எஸ்வி-யில் பொதுவாக அவை எடுக்கப்பட்டுவிட்டன. பின்சக்கரங்களின் மேலே அகன்று புடைத்த மட்கார்டு எஸ்வி-க்கு உரியது. காரை அறிந்தவர் யாரும் இந்தக் கலப்பை ஒரு நொடியில் கண்டுபிடித்து, ஓவியம் முழுவதையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கிவிடுவார். சொன்னதும் மாஸ்டர் முகம் சுளிக்கவில்லை. படங்களை இரண்டு அடுக்காகப் பிரித்துத் தரச் சொல்லி, பின்பக்கத்தை முழுவதும் அழித்து மறுபடி வரைந்தார். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவும் இல்லை. எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: காரைப் பற்றிய அறிவு அந்த மாடியில் கிடைக்காது, அதை வாடிக்கையாளர்தான் கொண்டுபோக வேண்டும்.

பார்வைக்கோணம் பற்றி நடந்த விவாதம் இன்னும் சுவையானது. மியூராவின் உயரம் ஏறத்தாழ 1.05 மீட்டர், நிற்கிற ஆளின் இடுப்பளவுதான். நேரில் பார்ப்பவர் எப்போதும் அதைக் குனிந்தே பார்க்கிறார், ஆனால் புகைப்படக்காரர்கள் தரையோடு தரையாகப் படுத்து எடுப்பதால் படங்களில் அது மூக்கு நீண்ட பெரிய வண்டியாகத் தெரிகிறது. அகலக்கோண லென்ஸ் இந்தக் கோணலை மேலும் பெருக்கிவிடும். ஒரு நாற்காலியில் அமர்ந்தவரின் கண்மட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மாஸ்டர் சொன்னார், அது சரியான முடிவு. கூரையின் வளைவும் அதற்குப் பின்னே என்ஜினை மூடியுள்ள கறுப்புப் பட்டைகளும் கொஞ்சம் தெரிகின்றன. அதே நேரம் வண்டியின் தாழ்வும் கெடவில்லை. கோட்டோவியம் முடிந்த அன்று அவர் முதலில் சரிபார்த்தது முகத்தை அல்ல, சக்கரம் தரையைத் தொடும் இடத்தை. “டயர் தரையில உக்காரணும் சார், இல்லேன்னா வண்டி மிதக்கும்” என்றார். டயருக்கு அடியில் விரல் அகலத்துக்குப் போட்ட அந்த இருண்ட நிழல் முழு ஓவியத்தின் எடையையும் தாங்குகிறது.

இனி வண்ணம். இந்தச் சேவையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன். பளபளப்பான காரை வரைவது என்பது காரின் நிறத்தை வரைவது அல்ல. அதைச் சூழ்ந்திருப்பதை வரைவது. மேல்நோக்கிய பரப்புகள் வானத்தையும், கீழ்நோக்கிச் சரியும் பரப்புகள் தரையையும் வாங்கிக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவே தொடுவானத்தின் பிம்பம் ஒரு கோடாக உடல் முழுவதும் ஓடுகிறது. தட்டையான கதவில் அது நேராக ஓடும். மியூராவின் பின்தொடை போன்ற வளைவில் அது எழும்பி, மடங்கி, மட்கார்டின் மேல் ஏறி மறைகிறது. அந்தக் கோடு சிறிது பிசகினாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே வண்டி நசுங்கியதாகத் தோன்றும். நான் கொண்டுபோன 1:18 அளவு பொம்மை மியூராவை, அதன் உயரம் ஆறு சென்டிமீட்டர்கூட இல்லை, மாஸ்டர் மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று காலை, நண்பகல், மாலை என்று வெவ்வேறு வெயிலில் வைத்துப் பார்த்தார். பொம்மையில் பெயிண்ட் தடிப்பாக இருப்பதால் ஒளி விளிம்பு மழுங்கிவிடுகிறது என்று கண்டுகொண்டு, கீழே கடையிலிருந்து ஒரு பழைய மட்கார்டைக் கேட்டு வாங்கி, துடைத்து மெருகேற்றி, அதைப் பார்த்தே உண்மையான தகட்டில் ஒளி எப்படி வழுக்கிப் போகிறது என்பதைக் குறித்துக்கொண்டார். ஓவியப் பள்ளியை ஒட்டி இருப்பதைவிட புதுப்பேட்டையில் இருப்பது இந்த வேலைக்கு நல்லதோ என்று எனக்கு அப்போது தோன்றியது.

அதன் விளைவு ஒன்று நான் எதிர்பாராதது. நான் கொடுத்த படங்கள் பெரும்பாலும் மேகம் மூடிய ஐரோப்பிய ஒளியில் எடுக்கப்பட்டவை; அவற்றில் காரின் முதுகில் மென்மையான சாம்பல் நீலம் படிந்திருக்கும். மாஸ்டர் பார்த்ததோ சென்னை வானம். வெயில் ஏறிய பிறகு நம் வானம் நீலமாக இருப்பதில்லை, பால் கலந்த வெண்மையாக இருக்கிறது. மூக்கிலும் கூரை விளிம்பிலும் அந்த வெண்மைதான் விழுந்திருக்கிறது. முதலில் இது சரியாகுமா என்று தயங்கினேன். முடிவில் இதுவே ஓவியத்தின் தனிச்சிறப்பு என்ற முடிவுக்கு வந்தேன். ஆரஞ்சு நிறம் இந்த வெளிச்சத்தில் கூசுகிறது, அப்படிக் கூசுவது பொருத்தமாகவும் இருக்கிறது.

ஆரஞ்சில் நிழல் போடுவது பெரிய சோதனை. கறுப்பைக் கலந்தால் ஆரஞ்சு சேற்றுப் பழுப்பாகிவிடும். பேனர்காரர்களுக்கு இது பழகிய சிக்கல். நாயகனின் கன்னத்தில் பச்சையையும் ஊதாவையும் அச்சமின்றிப் பூசி, தூரத்திலிருந்து பார்க்கும்போது சதையாகத் தெரிய வைத்த மரபு அவர்களுடையது. மாஸ்டர் கதவின் கீழ்ப்பகுதியில் மங்கிய சிவப்பையும் ஊதாவையும் போட்டிருக்கிறார். கிட்டே நின்றால் துணிச்சலாகவும் சற்று முரட்டுத்தனமாகவும் தெரிகிறது. நான்கைந்து அடி தள்ளி நின்றால் தகடு உள்நோக்கி வளைகிறது. அடித்தளமாக எரிசியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை மெல்லியதாகப் பூசி, அது காய்ந்த பின் காட்மியம் ஆரஞ்சை ஏற்றி, இறுதியில் எண்ணெய் கூடிய மெல்லிய பூச்சுகளால் ஆழப்படுத்தும் வரிசையை அவர் மீறுவதில்லை. கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்கில் அதிகமாகவும் இருக்க வேண்டும். மாறினால் சில ஆண்டுகளில் மேற்பரப்பு வெடிக்கும். உண்மையான காட்மியம் வேண்டுமா, மாணவர் தரத்து மலிவான சாயம் போதுமா என்று முன்கூட்டியே கேட்கிறார். விலை வேறுபாடு கணிசமானது. ஆனால் வெளிச்சம் படும் சுவரில் மாட்டுவதென்றால் மலிவானதை எடுக்க வேண்டாம் என்பது என் பரிந்துரை.

பின்னணி விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. மாஸ்டரிடம் இருக்கும் மாதிரிகளில் நேப்பியர் பாலத்தின் முன்னே நிற்கும் கார்களும், கலங்கரை விளக்கத்தின் முன்னே நிற்கும் கார்களும் உண்டு. வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்பது அவற்றைத்தான் என்கிறார். இத்தாலியில், லம்போர்கினி ஆலை உள்ள சாந்தாகத்தா ஊரில் பிறந்த வண்டியை நேப்பியர் பாலத்தில் நிறுத்தினால் அது விளம்பரப் பலகையாகிவிடும் என்பது என் எண்ணம். சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயங்கள் நடந்த காலத்தைப் பின்னணியாக்கலாம் என்ற யோசனையும் வந்தது; மியூரா அங்கே ஓடியதாக ஒரு பொய்ச் சரித்திரத்தை உண்டாக்க நான் விரும்பவில்லை. வெறும் சாம்பல் தரை, வெளிறிய சுவர் என்று முடித்தோம். இன்னொரு வேண்டுகோளையும் மறுக்க வேண்டியிருந்தது. மியூரா என்பது ஸ்பெயினின் சண்டைக் காளை வம்சம் ஒன்றின் பெயர் என்று சொன்னதும் மாஸ்டருக்கு உற்சாகம் பிறந்து, பக்கத்தில் ஒரு புலிக்குளம் காளையைத் திமிலோடு நிறுத்திவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன், கோட்டோவியத் தாளின் ஓரத்தில் வரைந்தே தீர்த்துவிட்டார். நேர்மையாகச் சொன்னால் அந்தக் காளை மிக நன்றாக இருக்கிறது, தாளைத் தனியே கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

குறைகள் உண்டு. முதலாவது, சக்கரங்கள். சாய்வாகப் பார்க்கும்போது சக்கரம் நீள்வட்டமாகிறது. அந்த நீள்வட்டத்தின் குறுகிய அச்சு, சக்கரத்தைத் தாங்கும் அச்சுத்தண்டின் திசையிலேயே அமைய வேண்டும். முன்சக்கரத்தில் இது சரியாக வந்திருக்கிறது. பின்சக்கரத்தில் நீள்வட்டம் சற்றே நிமிர்ந்து நிற்பதால், உற்றுப் பார்த்தால் அந்தச் சக்கரம் மட்டும் வேறு திசையில் திரும்பியதுபோல் இருக்கிறது. சொன்னபோது திருத்தினார்; முழுமையாகத் திருந்தவில்லை. முகம் வரைந்து வளர்ந்த கைக்கு வட்டக் கருவிகளின் கணக்கு அவ்வளவு இயல்பாக வரவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது, என்ஜின் மூடியின் கறுப்புப் பட்டைகள். தொலைவு கூடக்கூட அவை மெலிந்துகொண்டே போக வேண்டும், இங்கே எல்லாம் ஒரே தடிப்பில் இருக்கின்றன. கதவின் பின்னே உள்ள செங்குத்துப் பட்டைகள் அதற்கு மாறாக அருமை. கதவைத் திறக்கும் கைப்பிடி அவற்றுக்குள் ஒன்றாக ஒளிந்திருப்பதைக் கவனித்து, அந்த இடத்தில் மட்டும் நிழலை ஒரு நூல் மாற்றியிருக்கிறார்.

மூன்றாவது குறை, காலம். தீபாவளிக்கு முன் தருவதாகச் சொன்ன ஓவியம் பொங்கல் கழிந்தே வந்தது. வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் தைலவண்ணம் மெதுவாகத்தான் காயும், அவசரப்பட்டு அடுத்த அடுக்கை ஏற்றினால் வேலையே கெடும், காரணம் நியாயமானது. ஆனால் அதை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லியிருக்க வேண்டும். நாம் கேட்டால் மட்டுமே தகவல் வருகிறது, அதுவும் வாட்ஸ்அப்பில் எடுத்தனுப்பும் படமாக. அந்தப் படத்தில் ஆரஞ்சு ரத்தச் சிவப்பாகத் தெரிந்து வீண் பதற்றம் உண்டாக்கியது. நிறத்தைப் பற்றி எந்த முடிவையும் கைப்பேசித் திரையை வைத்து எடுக்காமல், நேரில் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். ரசீது கையால் எழுதித் தருவதுதான். ஜிஎஸ்டி பில் தேவைப்படும் அலுவலகப் பரிசுகளுக்கு இந்த இடம் பொருந்தாது. மாடிப்படி செங்குத்தானது, பெரிய கித்தானை இறக்க இரண்டு பேராவது வேண்டும். புதுப்பேட்டையில் கார் நிறுத்த இடம் தேடுவதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

எந்த மாதிரி ஓவியத்தை இங்கே எதிர்பார்க்கலாம் என்பதையும் தெளிவாக்கிவிட வேண்டும். மியூரா ஜெனீவாவில் அறிமுகமான அதே 1966-இல்தான் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாயிற்று. அந்த மரபிலும் எழும்பூர் கவின்கலைக் கல்லூரி மரபிலும் வந்தவர்களிடம் போனால், காரை உடைத்து, வேகத்தையோ ஒலியையோ வடிவமாக்கித் தரக்கூடும். மாஸ்டர் அதைச் செய்வதில்லை, செய்வதாகச் சொல்லவும் இல்லை. அவர் தருவது எதிரே நிற்கும் ஒரு வண்டியை; அறைக்குள் நுழைகிறவரை முதலில் அதைப் பார்க்க வைக்கிற, பேனருக்கே உரிய அதிகாரத்தோடு நிற்கும் வண்டியை. கந்தீனியின் கோட்டுக்கு இந்த அணுகுமுறை பொருந்துகிறது. பிற்காலத்துக் கூர்மூலைக் கார்களுக்கு, அதே கந்தீனியின் கவுன்டாச் உட்பட, இது எப்படி அமையும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வளைவில்தான் இந்தக் கை வாழ்கிறது.

சட்டம் போடுவதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கித்தானைத் தேக்குக் குச்சியில் இழுத்துக் கட்டித் தருவதோடு மாஸ்டரின் பொறுப்பு முடிகிறது. நான் முதலில் கொண்டுபோன ஒரு பிரேம் கடையில் கண்ணாடி போட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். தைலவண்ணத்தின்மேல் கண்ணாடி ஒட்டி அழுத்தினால் ஈரம் அடைபட்டுப் பூசணம் பிடிக்கும், இன்னும் முழுதாகக் காயாத வண்ணம் கண்ணாடியில் ஒட்டவும் செய்யும். வேறு கடையில் கண்ணாடி இல்லாத ஆழமான மரச்சட்டம் போட்டுக்கொண்டேன். மழைச்சாரல் படுகிற வெளிச்சுவரில் மாட்டுவதைத் தவிர்த்து, உட்சுவரில், பின்புற மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவருக்கும் கித்தானுக்கும் இடையே காற்றோட்டம் விட்டு மாட்டுவது நம் ஊருக்கு நல்லது. ஏசி நேராக வீசும் இடமும் ஆகாது.

நான்கடிக்கு இரண்டரை அடி அளவுக்கு, உண்மையான காட்மியம் வண்ணங்களோடு, 35,000 ரூபாய் ஆயிற்று. பாதி முன்பணம், மீதி எடுத்துச் செல்லும்போது. அதே அளவில் அச்சிட்ட கித்தான் இதில் சிறு பங்குக்கே கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதில் பின்சக்கரம் சரியாக இருக்கும், வேறெதுவும் இருக்காது. வேலை தொடங்கும் முன் மாடல், ஆண்டு, நிறம், பார்வைக்கோணம், பின்னணி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்டுக்கொள்வது இருவருக்கும் நிம்மதி. கோடையில் வேலையைக் கொடுப்பது நல்லது. ஆடியில் கொடுத்தால் ஐப்பசி மழையில் போய் நிற்கும். இறுதி வார்னிஷ் இப்போது பூசப்படவில்லை. வண்ணம் உள்வரை காய ஆறு மாதமாவது ஆகும் என்பதால், அதன் பிறகு வீட்டுக்கே வந்து பூசித் தருவதாகவும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்றும் மாஸ்டர் ரசீதின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.